டீலர் இல்லாமல் கார் விற்பது எப்படி? கோலாலம்பூரில் (கேஎல்) கடன் தீர்ப்பதிலிருந்து பெயர் மாற்றம் வரை

என் 2015 வியோஸை டீலரிடம் தள்ளிவிடாமல் நானே விற்றேன். டீலர்கள் சொன்னதில் உச்ச விலை 31,000 வெள்ளி (ரிங்கிட்). கடைசியில் கைக்கு வந்தது 36,500. நடுவில் இருக்கும் அந்த 5,500 வெள்ளி சும்மா வரவில்லை, அலைச்சல் உண்டு. யாரைக் கேட்டாலும் "ஈஸி லா, புஸ்பாகோம் போ, ஜேபிஜே போ, முடிஞ்சது" என்றார்கள். புஸ்பாகோம் என்பது வாகனப் பரிசோதனை நிலையம், ஜேபிஜே என்பது சாலைப் போக்குவரத்துத் துறை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. பாதி அலைச்சல் அதனால்தான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். சாவி யாரிடம் இருந்தாலும், ஜேபிஜே பதிவில் யார் பெயர் இருக்கிறதோ காருக்குப் பொறுப்பு அவர்தான். வேகக் கேமரா சம்மன் அவர் பெயருக்குத்தான் வரும். விபத்து நடந்தால் போலீஸ் தேடி வருவதும் அவரைத்தான். அதனால் கீழே சொல்லும் எல்லாப் படிகளும் பெயர் மாறும் அந்த ஒரு நிமிடத்தை நோக்கியே போகின்றன. அதற்கு முன் சாவியைக் கொடுக்காதீர்கள்.

1. கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கி

காருக்குக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், ஜேபிஜே பதிவில் வங்கியின் உரிமைக் கோரிக்கை இருக்கும். மலாயில் துந்துத்தான் ஹாக் மிலிக் என்பார்கள். அது நீங்காமல் பெயர் மாறாது.

வங்கிக்கு அழைத்து, முன்கூட்டியே தீர்ப்பதற்கான செட்டில்மெண்ட் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மீதமுள்ள மாதங்களை மாதத் தவணையால் பெருக்கிவிட்டு மனம் தளர வேண்டாம். முன்கூட்டியே தீர்த்தால் வட்டியில் ஒரு பகுதி கழியும். அந்தக் கடிதத்தில் ஒரு தேதி இருக்கும். அதைத் தாண்டினால் தொகை மாறிவிடும்.

கையில் பணம் இருந்தால் முதலிலேயே கட்டிவிடுவது நிம்மதி. பணம் கட்டிய அன்றே வங்கி தன் கோரிக்கையை நீக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம்; ஒரு வாரம் ஒதுக்குங்கள், சில வங்கிகள் இன்னும் இழுக்கும். கையில் பணம் இல்லையா? அப்படியானால் வாங்குபவரின் பணத்தில்தான் கடனைத் தீர்க்க வேண்டும். அந்தப் பணத்தை உங்கள் கணக்கில் போடச் சொல்லாமல், கடன் கணக்கிலேயே நேராகக் கட்டச் சொல்லி ரசீதை இருவரும் வைத்துக்கொள்வது நல்லது. முன்பின் தெரியாதவர் இதற்கு ஒப்புக்கொள்ளத் தயங்குவார். அவர் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் "சம்போங் பாயார்", அதாவது மீதித் தவணையைத் தொடர்ந்து கட்டுகிறேன் என்று ஒருவர் வருவார். "மாசா மாசம் நான் கட்டிக்கிறேன் அண்ணே, காடியை மட்டும் குடுங்க" என்பார். கடன் உங்கள் பெயரில், கார் அவர் கையில். அவர் கட்டாமல் போனால் வங்கி உங்கள் கழுத்தைத்தான் பிடிக்கும். வங்கியின் அனுமதியில்லாமல் இப்படிக் காரைக் கைமாற்றுவது சட்டப்படியும் குற்றம். சொந்தக்காரராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

2. சம்மன் பார்த்தல்

மைஜேபிஜே செயலியில் ஜேபிஜே சம்மன்களையும், கார் பிளாக்லிஸ்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். போலீஸ் சம்மனுக்கு மைபாயார் பிடிஆர்எம். பிளாக்லிஸ்டில் இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது, அவ்வளவுதான். டிபிகேஎல், எம்பிபிஜே போன்ற நகராட்சிகளின் பார்க்கிங் அபராதங்களையும் அப்படியே ஒரு பார்வை பார்த்துக் கட்டிவிடுங்கள்.

எண் தட்டு பிடித்தமான எண் என்றால், கூட்டுத்தொகை பார்த்து வாங்கியது என்றால், அதை வேறு காருக்கு மாற்றும் வேலையை விளம்பரம் போடும் முன்பே ஜேபிஜேயில் முடித்துவிடுங்கள். விற்ற பிறகு அந்த எண் காரோடு போய்விடும்.

3. விலை வைப்பது

மூடா, கார்லிஸ்ட், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகிய மூன்று விளம்பரத் தளங்களிலும் அதே மாடல், அதே ஆண்டு, அதே வேரியன்ட் காரைத் தேடுங்கள். அங்கே தெரிவது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. வாரக்கணக்கில் அதே விளம்பரம் நிற்கிறது என்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஓரிரு டீலரிடமோ ஆன்லைனில் கார் வாங்கும் நிறுவனத்திடமோ காட்டி விலை கேளுங்கள். விற்க வேண்டியதில்லை, அது உங்கள் தரை விலை. அதற்குக் கீழே போவதாக இருந்தால் இவ்வளவு அலைச்சலுக்கு அர்த்தமே இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். போனில் ஒரு விலை சொல்லி வரவழைத்துவிட்டு, நேரில் பம்பரைத் தடவிப் பார்த்து "இது ரீபெயிண்ட்" என்று மூவாயிரம் குறைத்தவரை எனக்குத் தெரியும். நேரில் பார்த்த பிறகு சொல்லும் விலையை மட்டும் கணக்கில் வையுங்கள்.

தரை விலைக்கும் சந்தையில் கேட்கும் விலைக்கும் நடுவில் உங்கள் விலையை வைத்து, பேரத்துக்கு ஓர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூட்டிக்கொள்ளுங்கள். ஐயாயிரம் கூட்டினால் யாரும் மெசேஜ் கூட அனுப்ப மாட்டார்கள்.

4. காரைத் தயார் செய்தல்

நன்றாகப் பராமரித்த காருக்கு நல்ல விலை கிடைப்பது அந்தப் பராமரிப்பைக் காகிதத்தில் காட்ட முடிந்தால்தான். சர்வீஸ் புத்தகம், பட்டறை ரசீதுகள், டயர், பேட்டரி மாற்றிய பில் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே பைலில் போடுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் கிலோமீட்டர் எழுதியிருக்கும். அந்த எண்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டே வருவதைப் பார்த்தால், மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்ற சந்தேகம் வாங்குபவருக்கு வராது. என் காரை வாங்கியவர் என்ஜினைப் பார்த்ததைவிட அந்தப் பைலைத்தான் அதிக நேரம் புரட்டினார்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. விவரம் தெரிந்தவர்கள் குனிந்து முதலில் பார்ப்பது அதைத்தான். நீங்களே முன்கூட்டிப் பார்த்து, பழையதாக இருந்தால் விலையில் கழித்துக்கொள்ளத் தயாராக இருங்கள். விற்பதற்காகப் புது டயர் போடாதீர்கள். போட்ட காசு திரும்பி வராது.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் எத்தனையோ கார்கள் மூழ்கின. அதிலிருந்து "பாஞ்சிர் காடியா?", அதாவது வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று கேட்காதவர் குறைவு. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பூட்டில் ஸ்பேர் டயர் குழியின் கம்பளத்தைத் தூக்கித் துரு தேடுவார்கள். கோபப்படாதீர்கள். நீங்களே முன்வந்து பெல்ட்டை இழுத்துக் காட்டினால் பாதிப் பேச்சு முடிந்தது.

கழுவி, உள்ளே வாக்யூம் போட்டு, ஹெட்லைட் மஞ்சளேறியிருந்தால் பாலிஷ் போடுங்கள். கொடுத்த காசுக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் ஹெட்லைட்டில்தான். சின்னக் கீறலுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க வேண்டாம். புதுப் பெயிண்டைப் பார்த்தால் விபத்தை மறைக்கிறார்கள் என்றுதான் சந்தேகம் வரும். டேஷ்போர்டில் முருகன் இருந்தால் படம் எடுக்கும் முன்பே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். கடைசி நேர அவசரத்தில் மறந்துபோய், அப்புறம் வாங்கியவருக்குப் போன் அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

5. விளம்பரமும் மெசேஜும்

காலை வெயிலில், திறந்த இடத்தில் படம் எடுங்கள். கொண்டோ பார்க்கிங்கின் மேல்மாடி போதும். நான்கு மூலை, உள்பக்கம், மீட்டர், டயர், என்ஜின், பூட். கீறல் இருக்கும் இடத்தையும் ஒரு படம் போடுங்கள். நேரில் வந்து அதைக் காட்டி விலை குறைக்க வழியிருக்காது. எண் தட்டை மறைத்துவிடுங்கள்.

எழுத வேண்டியவை: ஆண்டு, வேரியன்ட், கிலோமீட்டர், எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா இல்லையா, சாலை வரி எதுவரை. 1.5 லிட்டர் செடானுக்குச் சாலை வரி ஆண்டுக்கு 90 வெள்ளிதான். பெரிய என்ஜின் கார்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இது ஒரு கவர்ச்சி, எழுதிவிடுங்கள்.

போட்ட அரை மணி நேரத்தில் "பாஸ், லாஸ்ட் பிரைஸ்?" என்று வரிசையாக வரும். காரைப் பார்க்காதவரிடம் விலை பேசாதீர்கள். "வந்து பாருங்க, பிடிச்சா பேசுவோம்" என்ற ஒரே பதில் போதும். "தங்கச்சிக்கு வாங்குறேன்" என்று வருபவர்களில் சிலர் டீலர்கள். தங்கச்சியைக் கூட்டி வரச் சொன்னால் தெரிந்துவிடும்.

கிராண்ட் (கார் உரிமைச் சான்றிதழ்) நகலையோ அடையாள அட்டை நகலையோ வாட்ஸ்அப்பில் கேட்டால் உடனே அனுப்பிவிடாதீர்கள். டெபாசிட் போட்டவருக்கு மட்டும், அதுவும் குறுக்கே கோடு போட்டு "கார் விற்பனைக்கு மட்டும்" என்று எழுதி அனுப்புங்கள்.

6. ஓட்டிப் பார்க்க வருபவர்

வீட்டுக்கு வரச் சொல்லாமல் ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். நான் செந்தூல் பக்கம் ஒரு மாமாக் உணவுக் கடையைச் சொல்லிவிடுவேன். வராவிட்டால் தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பலாம். பகலில் வரச் சொல்லுங்கள். என்ஜின் சூடேறாமல் இருக்கும்போதே பார்க்க விரும்புபவர் விவரமானவர்.

ஓட்டும் முன் அவருடைய லைசென்ஸை வாங்கிப் பாருங்கள். உங்கள் காப்புறுதியில் பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால், கிளெய்மில் முதல் 400 வெள்ளி உங்கள் தலையில். அதைவிடப் பெரிய அடி, அந்த கிளெய்மால் உங்கள் என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாததற்கான கட்டணத் தள்ளுபடி, போவது. 55 விழுக்காடு வரை ஏற்றி வைத்திருப்பீர்கள், ஒரு டெஸ்ட் டிரைவில் பூஜ்யம். "இடித்தால் செலவு என்னுடையது" என்று ஒப்புக்கொண்ட பிறகே சாவி. நீங்களும் கூடவே ஏறி உட்காருங்கள். எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனாலே சஸ்பென்ஷன் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

7. டெபாசிட்டும் ஒப்பந்தத் தாளும்

விலை படிந்தால் ஒரு சிறு தொகையை முன்பணமாக வாங்குங்கள். ஐந்நூறு வெள்ளி போதும். ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்: இருவர் பெயர், அடையாள அட்டை எண், கார் எண், சேசிஸ் எண், விலை, முன்பணம், எந்தத் தேதிக்குள் பெயர் மாற்றம், அவர் பின்வாங்கினால் முன்பணம் என்னவாகும், நீங்கள் பின்வாங்கினால் என்னவாகும், புஸ்பாகோம் கட்டணம் யாருடையது, பெயர் மாற்றக் கட்டணம் யாருடையது. வழக்கமாக முதலாவதை விற்பவரும் இரண்டாவதை வாங்குபவரும் ஏற்பார்கள். பேசிக்கொள்வதுதான்.

வாங்குபவர் ரொக்கமா, கடனா என்பதை இங்கேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடன் என்றால் வேலை கூடும். பல வங்கிகள் தனிநபரிடமிருந்து வாங்கும் பழைய காருக்கு நேராகக் கடன் தருவதில்லை. நடுவில் ஒரு டீலர் கட்டணம் வாங்கிக்கொண்டு பேப்பர் வேலை செய்து கொடுப்பார். புஸ்பாகோமில் கடனுக்கான பி7 பரிசோதனையும் வேண்டும். பணம் பெயர் மாற்றத்துக்குப் பிறகுதான் வரும். அதுவரை உங்கள் கையில் இருப்பது, பணம் தருவோம் என்று வங்கி எழுதிக் கொடுக்கும் கடிதம் மட்டுமே. அந்தக் கடிதம் உண்மைதானா என்று வங்கிக் கிளையைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்; கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல் வங்கியின் இணையத்தளத்திலிருந்து எண்ணை எடுங்கள். நானாக இருந்தால் ஆயிரம் வெள்ளி குறைந்தாலும் ரொக்க ஆளுக்கே கொடுப்பேன்.

8. புஸ்பாகோம்

பெயர் மாற்றத்துக்கு பி5 பரிசோதனை. கட்டணம் 30 வெள்ளி. வாங்குபவருக்குக் கடன் இருந்தால் பி7-க்கு மேலும் 60 வெள்ளி. மைபுஸ்பாகோமில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். வங்சா மாஜு, பத்து கேவ்ஸ், செராஸ் என்று கிளைகள் இருக்கின்றன. அறிக்கைக்குக் காலாவதி உண்டு. வாங்கும் ஆள் உறுதியாகும் முன்பே எடுத்து வைத்தால் திரும்பவும் போக வேண்டி வரலாம்.

இங்கே பார்ப்பது கார் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதையல்ல. பதிவில் இருக்கும் கார்தானா இது என்பதை. என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். அழுக்கோ துருவோ மூடியிருந்தால் முதல் நாளே துணியால் துடைத்து வெளியே தெரியும்படி வையுங்கள்.

அடுத்தது டிண்டட், கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு பிலிம். வெயிலுக்குப் பயந்து கறுப்பாக ஒட்டியவர்கள் மாட்டுவது இங்கேதான். முன் கண்ணாடி வழியாக 70 விழுக்காடு வெளிச்சமும் முன் பக்கவாட்டுக் கண்ணாடிகள் வழியாக 50 விழுக்காடும் உள்ளே வர வேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு 2019-இலிருந்து வரம்பு இல்லை. சந்தேகமாக இருந்தால் டிண்டட் கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோற்றால் பிலிமைக் கிழித்துவிட்டு மறுபடி வரிசை. அலங்கார எழுத்தில் இருக்கும் எண் தட்டையும் மாற்றிவிடுங்கள்.

9. காப்புறுதி, ஜேபிஜே, பணம்: மூன்றும் ஒரே நாளில்

அந்த நாளுக்கு முன்பே வாங்குபவர் தன் பெயரில் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். அது கணினி வழியாக ஜேபிஜேக்குப் போய்ச் சேர்ந்திருந்தால்தான் கவுண்டரில் வேலை நடக்கும். பலர் அவசரப்பட்டுத் தங்கள் பழைய காப்புறுதியை முன்கூட்டியே ரத்து செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். பெயர் மாறும் வரை புஸ்பாகோமுக்கும் ஜேபிஜேக்கும் அந்தக் காரை ஓட்டிப் போவது நீங்கள்தான்.

கொண்டு போக வேண்டியவை: இருவருடைய மைகார்ட் (அடையாள அட்டை), கிராண்ட் அசல், பி5 அறிக்கை, பெயர் மாற்றத்துக்கான கே3ஏ பாரம். கட்டணம் 100 வெள்ளி. ரொக்கத்தை மட்டும் நம்பாமல் கார்டும் வைத்திருங்கள். கேஎல்-இல் வங்சா மாஜு ஜேபிஜே இருக்கிறது, யூடிசி எனும் அரசு சேவை மையங்களில் கவுண்டர்களும் உண்டு. யூடிசிக்குப் போவதென்றால் பெயர் மாற்றம் அங்கே செய்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள். வாங்குபவர் ராகு காலம் பார்ப்பவர் என்றால் அதையும் முன்பே கேட்டு நேரம் குறியுங்கள். எண் வரும் நேரத்தில் "பத்தரைக்கு மேல வெச்சுக்கலாமே" என்று ஒருவர் தயங்கினால் திரும்ப வரிசையில் நிற்கப்போவது நீங்கள் இருவரும்தான்.

இருவரும் நேரில் போய்ப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். வயதானவர்களுக்கும் கையால் உழைப்பவர்களுக்கும் ரேகை சரியாகப் பதியாது. விரலை ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு வைத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். இணையம் வழியாக ஜேபிஜேயின் மைசிகாப் தளத்திலும் பெயர் மாற்றம் செய்யலாம். தெரிந்தவர்களுக்குள் அது வசதிதான். முன்பின் தெரியாதவரோடு என்றால் கவுண்டர்தான் என் தேர்வு. பணமும் ரேகையும் ஒரே இடத்தில் முடியும்.

பணத்துக்கு இப்படிச் செய்யுங்கள். வங்கிச் செயலியில் பரிமாற்ற வரம்பை முதல் நாளே உயர்த்திவிடச் சொல்லுங்கள். அங்கே நின்று உயர்த்தப் பார்த்தால் வங்கி காக்க வைக்கலாம். வரிசை எண் எடுத்து உட்கார்ந்ததும், கார் பிளாக்லிஸ்டில் இல்லை என்பதை உங்கள் மைஜேபிஜேயில் அவருக்குக் காட்டுங்கள். அப்புறம் அவர் மீதிப் பணத்தை அனுப்பட்டும். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து எழுந்துவிடாதீர்கள். உங்கள் செயலியைத் திறந்து, உங்கள் கணக்கின் இருப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறிய பிறகு ரேகை. காசோலை என்றால் அதன் பணம் உங்கள் கணக்கில் ஏறும் வரை பெயர் மாற்றத் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

அவருக்கும் பயம் இருக்கும், பணம் போட்ட பிறகு நீங்கள் எழுந்து போய்விட்டால்? முழுப் பணத்துக்குத் தயங்கினால், பாதி ரேகைக்கு முன், பாதி ரேகை வைத்த அடுத்த நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். கிராண்டும் சாவியும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

10. சாவி கைமாறிய அன்றே செய்ய வேண்டியவை

டோல் கட்டுவதற்கான டச் என் கோ ஆர்எப்ஐடி ஸ்டிக்கர் உங்கள் இ-வாலட்டோடு கட்டப்பட்டது. அதைச் செயலியில் நீக்காமல் காரைக் கொடுத்தால், அவர் டூக் நெடுஞ்சாலையில் போகும் டோலெல்லாம் உங்கள் பணத்தில் போகும். காரில் உங்கள் போனின் புளூடூத் தொடர்பை அழியுங்கள், டேஷ்கேம் மெமரி கார்டை எடுங்கள், டோலுக்கான ஸ்மார்ட்டேக் கருவியையும் கொண்டோ ஸ்டிக்கரையும் எடுங்கள். இரண்டாவது சாவியைக் கொடுக்க மறக்காதீர்கள்.

மீட்டர் அளவு, தேதி, மணி மூன்றையும் ஒப்பந்தத் தாளின் அடியில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். புதுப் பெயரில் இருக்கும் கிராண்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவதற்கெல்லாம் அந்தப் படம்தான் தேவைப்படும்.

அந்தப் படத்தோடு உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியை ரத்து செய்து மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேளுங்கள். அந்தப் பாலிசியில் கிளெய்ம் செய்யாதிருந்தால் ஒரு தொகை திரும்ப வரும். என்சிடி காருக்குரியது அல்ல, உங்களுக்குரியது. அடுத்து வாங்கும் காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். "என்சிடியோடு சேர்த்துக் குடுங்க" என்று கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து மைஜேபிஜேயைத் திறந்து, உங்கள் வாகனப் பட்டியலில் அந்தக் கார் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒப்பந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். காரைக் கொடுத்த அன்றைய தேதியில் ஒரு சம்மன் பின்னால் வந்து நின்றால், அது காலையில் நீங்கள் ஓட்டியதா, மாலையில் அவர் ஓட்டியதா என்று பிரித்துக் காட்ட அந்தத் தாளின் அடியில் எழுதிய மணிதான் இருக்கும்.